ஒரே கோச், இரண்டு டீம், ஒரு முதுகு

"டாக்டர், கோச்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். நாங்க சொன்னா நல்லா இருக்காது."

விளையாட்டு பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு மாதத்துக்கு ஒரு தடவையாவது காதில் விழும். (நான் டாக்டர் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) இந்த முறை கேட்டவர் 14 வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவனின் அம்மா. பையன் வலக்கைக்காரன், வலி இடப்பக்க அடிமுதுகில். ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னேன். பாதி வளைவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று ஏற்கனவே ஓரிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த வகை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதில் தெரிந்தது கீழ் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் எலும்பில் விழும் விரிசல்.

கீழே விழுந்தோ அடிபட்டோ வருவதில்லை இது. பந்தை விடும் நொடியில் முதுகு பின்னால் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் அதே இடத்தில் சுமை. எலும்பு அந்தத் தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் அதற்கு ஓய்வு நாள் வேண்டும். வளரும் பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் முழுசாக இறுகியிருக்காது என்பதால் கூடுதலாகவே வேண்டும்.

மேட்ச் ஸ்கோர் பதியும் கிரிக்ஹீரோஸ் ஆப்பைத் திறக்கும்படி பையனின் அப்பாவிடம் சொன்னேன். இப்போதெல்லாம் எல்லா மேட்சும் அதில் இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். மூன்று வாரத்தில் 9 மேட்ச், 47 ஓவர். பாதி பள்ளிக்கு, பாதி அகாடமிக்கு. நெட்டில், அதாவது வலைப் பயிற்சியில், போட்டதற்குக் கணக்கே இல்லை; வாரத்தில் ஆறு நாள் நெட் என்றான் பையன். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வைத்திருந்த வரம்பு ஒரு ஸ்பெல்லுக்கு (இடையில் ஓய்வில்லாமல் ஒரே தொடராக வீசுவது) 6 ஓவர், ஒரு நாளைக்கு 12. அதோடு, ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் பந்து வீச வேண்டாம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்ற பரிந்துரையும் இருந்தது. ஒரு நாள் கணக்கில் இவன் பெரிதாக எங்கும் மீறவில்லை. ஆனால் பந்து வீசாத நாள் என்று வாரத்தில் ஒன்றுதான் இருந்தது.

"ரெண்டு கோச்சும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இல்ல சார். ஒரே கோச்தான். ஸ்கூல்லயும் அவர்தான், அகாடமியும் அவரோடதுதான்."

இதைக் கேட்டால் நிம்மதிதானே வரவேண்டும்? எல்லா ஓவரும் ஒரே ஆளின் கண் முன்னால் நடக்கிறது, கணக்குத் தவற வழியில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு அவருக்குத் தெரியத்தான் செய்கிறது. செவ்வாய்க்கிழமை ஸோனல் (பள்ளிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டி) ஜெயித்தாக வேண்டும், பள்ளி நிர்வாகம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஜெயித்தாக வேண்டும், கோப்பையோடு எடுத்த படம்தான் அடுத்த சம்மர் கேம்புக்கு ஃபிளெக்ஸ் பேனர். இரண்டுக்கும் கைவசம் இருப்பது ஒரே பௌலர். வேறு வேறு கோச்சாக இருந்தால் ஒருவராவது "எங்க பையனை அங்க போட்டு அடிக்கிறாங்களே" என்று சண்டைக்குப் போவார். இங்கே சண்டை போட ஆளில்லை. பையனுக்கு ஓய்வு கொடு என்று சொல்ல வேண்டியவரும், அந்த ஓய்வால் நஷ்டப்படுகிறவரும் ஒரே ஆள்.

அந்தக் கோச் கெட்டவரில்லை. தனியார் பள்ளியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பி.டி. சாரின் சம்பளத்தை விசாரித்துப் பாருங்கள், அகாடமி ஏன் நடத்துகிறார் என்று கேட்க மாட்டீர்கள். விடிகாலை ஐந்தரைக்கு கிரவுண்டில் நிற்கிற மனிதர். என் பிரச்சினை அவரைப் பற்றியது இல்லை, அவரை நிறுத்தியிருக்கும் இடத்தைப் பற்றியது.

டீம் செலக்‌ஷனிலும் இதே முடிச்சுதான். பள்ளி அணியில் பதினொரு பேரில் எட்டு ஒன்பது பேர் கோச்சின் அகாடமிப் பிள்ளைகளாக இருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பாரபட்சமா? பெரும்பாலும் இருக்காது. தினமும் காலையும் மாலையும் ஆடுகிற பையன் நன்றாக ஆடுவான், அவ்வளவுதான். ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கும் பையனின் அப்பா வேறு கணக்குப் போடுவார்: மாதா மாதம் ஃபீஸ் கட்டினால் இடம். உண்மையிலேயே நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் அதை நிரூபிக்க அந்தக் கோச்சிடம் வழியில்லை. விளையாட்டுச் சான்றிதழ் கல்லூரி சீட்டு வரை போகும் ஊர் நம்முடையது. பெற்றோர் வாயைத் திறக்க மாட்டார்கள், பையனை அந்த அகாடமியில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த பிறகு வலி என்று சொல்லவும் பயப்படுவார்கள். வலியை மூன்று மாதம் மறைத்த பிள்ளைகள் என்னிடம் வருவது இப்படித்தான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 28-ஆம் பிரிவு எந்த ஆசிரியரும் தனிப்பட்ட ட்யூஷனிலோ தனிப்பட்ட கற்பித்தலிலோ ஈடுபடக் கூடாது என்கிறது. கணக்கு வாத்தியார் வீட்டில் ட்யூஷன் எடுத்தால் நமக்கு உடனே உறுத்துகிறது. பி.டி. சார் அகாடமி நடத்தினால் "பாவம், பசங்களுக்காக உழைக்கிறார்" என்கிறோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலப் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு இதை வெளிப்படையாகவே விதியாக்கியிருக்கிறது: கூடைப்பந்து, வாலிபால் போன்ற குழு விளையாட்டுகளில், தன் பள்ளி எல்லைக்குள் இருக்கும் 7 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக் கோச் வெளி அணியில் பயிற்றுவிக்கக் கூடாது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சின்ன ஊர்களில் கோச்சே இல்லாமல் போய்விடும், எனக்கு அதில் சம்மதமில்லை.

வெளிப்படையாகச் சொல்ல வைத்தாலே பாதி தீரும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கலாமா என்ற இந்தக் கேள்வி 2019-இல் ராகுல் திராவிடிடமே கேட்கப்பட்டது. தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவராக இருந்துகொண்டு, சென்னை சூப்பர் கிங்ஸோடு அப்போது தொடர்பிருந்த இந்தியா சிமென்ட்ஸில் பதவியும் வைத்திருக்கிறாரே என்று புகார். விடுப்பில் இருப்பதாக அவர் விளக்கினார், பி.சி.சி.ஐ. நெறிமுறை அதிகாரி டி.கே. ஜெயின் விசாரித்துப் புகாரைத் தள்ளுபடி செய்தார். திராவிடின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைக் கேட்கலாம் என்றால் நம் பிள்ளையின் கோச்சையும் கேட்கலாம்.

பள்ளி முதல்வர்களிடம் பேசக் கிடைத்தால் நான் கேட்பது கொஞ்சம்தான். கோச்சுக்கு அகாடமி இருந்தால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். அணித் தேர்வில் அவரோடு இன்னும் இருவர் இருக்கட்டும், அதில் ஒருவராவது ஃபீஸ் வாங்காதவராக இருக்கட்டும். பள்ளி கிரவுண்டில் அகாடமி ஃபீஸ் பேச்சு வேண்டாம். ஓவர் கணக்கு நோட்டு பையனின் வீட்டில் இருக்கட்டும், பள்ளியிலும் வேண்டாம், அகாடமியிலும் வேண்டாம்.

மருத்துவக் கடிதம் விஷயத்தில் தப்பு என்னுடையது. இந்தப் பையனுக்கு முன்னால் வந்த வேறொருவனுக்கு "பள்ளி அணியில் பந்து வீச வேண்டாம்" என்று எழுதி அவனுடைய கோச்சிடமே கொடுத்தேன். அவர் சொன்ன சொல் தவறவில்லை, பள்ளி அணியில் போட வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அகாடமிக்கு "பேட்டிங் மட்டும்தான்" என்று இறக்கி, கடைசியில் இரண்டு ஓவர் கேட்டிருக்கிறார். ஆறு வாரத்தில் ஆற வேண்டியது நாலு மாதம் இழுத்தது.

இந்தப் பையனுக்கு எழுதும்போது ஒரு நகல் முதல்வருக்கு, ஒன்று வீட்டுக்கு என்று பிரித்தேன். "பள்ளி, கிளப், அகாடமி, நெட், தெரு, எங்கும் பந்து வீசக் கூடாது. எம்.ஆர்.ஐ.யைத் திரும்பப் பார்த்த பிறகே தொடங்கலாம்." வாசித்துக் காட்டினேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சார், மொட்டை மாடி?" என்றான்.

அதையும் சேர்த்து எழுதினேன்.