கிரவுண்டை வாடகைக்கு விடுங்கள், சிமென்ட் போட மட்டும் விடாதீர்கள்

கால்பந்து கிளப் தன் மைதானத்தைக் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமா? குமரி மாவட்டத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பெரும்பாலும் நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள், அதில் ஒருவர் கிளப்பின் பழைய ஆட்டக்காரராக இருப்பார், "எங்க அப்பன்மார் கல்லும் முள்ளும் பொறுக்கி உண்டாக்கின கிரவுண்டு சாரே, அதுல அவனுவ மட்டையைத் தூக்கிட்டு வரணுமா?" என்று கொதிப்பார், பொருளாளர் மட்டும் கையில் நோட்டை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எனக்கு அந்தப் பொருளாளரின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. விடலாம். கிளப் நடக்க வேண்டுமென்றால் விட்டுத்தான் ஆக வேண்டும்.

வலை கிழிகிறது, பந்து வாங்க வேண்டும், கோடு போடச் சுண்ணாம்புப் பொடி வேண்டும், மழை முடிந்ததும் ஆளுயரம் வளர்கிற புல்லை வெட்ட ஆள் கூலி, வெளியூர் டோர்னமெண்ட் போக வேன் வாடகை. இதெல்லாம் கல்ஃபில் இருக்கும் அண்ணன்மார் அனுப்புகிற பணத்தில் எத்தனை நாள் ஓடும்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கால்பந்து என்றால் உயிர், சந்தோஷ் டிராபி வரைக்கும் போன பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. ஆனால் உயிராக நினைக்கிற கிளப்புக்கும் மாதக் கணக்கில் துண்டு விழத்தான் செய்கிறது. சும்மா கிடக்கிற நேரத்தில் மைதானம் நாலு காசு கொண்டு வந்தால் அதில் என்ன மானக்கேடு?

இன்னொன்று, நம் ஊரில் இரண்டு ஆட்டத்துக்கும் காலம் தானாகவே ஓரளவு பிரிந்து கிடக்கிறது. மேற்குக் கடற்கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் அதுவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கிற காலம் அது, மேற்கே அது தென்மேற்குப் பருவமழையும் கொட்டுகிற காலம், சேற்றில் கால்பந்து ஆடுவதில் ஒரு சுகம் உண்டு, கிரிக்கெட் பிட்சுக்கான பாயை நனைந்த தரையில் விரிக்க எவனும் வரமாட்டான். டென்னிஸ் பந்து கிரிக்கெட்காரர்கள் கேட்பது பெரும்பாலும் பொங்கலிலிருந்து கோடை முடியும் வரை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இதைக் காலண்டரில் குறித்துவிட்டாலே முக்கால்வாசிச் சண்டை வராது. ஊர்த் திருவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் மைதானம் யாருக்கும் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், அங்கேதான் முதல் கைகலப்பு நடக்கும்.

எந்த ஆட்டத்துக்கு விடுகிறீர்கள் என்பதில் பெரிய ஆபத்து இல்லை. வருகிறவன் தரையில் என்ன நட்டுவிட்டுப் போகிறான் என்பதில்தான் இருக்கிறது.

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. உங்கள் இடத்தை ஒருவர் பயன்படுத்த நீங்கள் கொடுக்கிற அனுமதியை அதன் 52-ஆவது பிரிவு உரிமம் என்கிறது. உரிமம் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம், அதுதான் பொது விதி. ஆனால் 60-ஆவது பிரிவில் இரண்டு விலக்குகள் உண்டு. அதில் இரண்டாவதைக் கிளப் நிர்வாகிகள் தயவுசெய்து ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்: அனுமதி பெற்றவர், அந்த அனுமதியின் பேரில், தன் சொந்தச் செலவில் நிலையான வேலை ஏதாவது செய்திருந்தால் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. 1987-இல் ராம் சரூப் குப்தா எதிர் பிஷுன் நாராயண் இன்டர் காலேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. அங்கே உரிமம் பெற்றது ஒரு பள்ளிக்கூடம், இடத்தில் நிரந்தரக் கட்டுமானம் செய்திருந்தார்கள், இடத்தைப் பிறகு வாங்கியவரால் பள்ளியை வெளியேற்ற முடியவில்லை.

இப்போது நம் கிரவுண்டுக்கு வருவோம். கிரிக்கெட் டீம் ஒரு சீசன் ஒழுங்காக வாடகை கொடுக்கும். அப்புறம், "அண்ணே, மண்ணுல பந்து எழும்ப மாட்டேங்குது, நாங்களே செலவு பண்ணி நடுவுல கான்கிரீட் போட்டுக்கிடட்டா? உங்களுக்கு அஞ்சு பைசா செலவில்லை" என்று கேட்கும். நல்ல பிள்ளைகள், வருகிறவர்களில் பாதி நம் ஊர்க்காரர்கள், தலைவர் சரி என்று தலையாட்டுவார். பிட்ச் என்பது 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஒன்றரை சென்ட். சர்வதேச அளவில் ஒரு கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர், அதாவது ஏறக்குறைய 176 சென்ட். அந்த 176 சென்ட்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிற ஒன்றரை சென்ட் சிமென்ட், "எங்களைப் போகச் சொல்ல முடியாது" என்று நாளைக்கு வாதாடுவதற்கு ஆதாரமாக நிற்கும். அந்த வாதம் ஜெயிக்குமா தோற்குமா என்பது ஒவ்வொரு வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. ஆனால் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள் என்றால், முடிவு தெரிகிற வரைக்கும் உங்கள் பிள்ளைகள் கான்கிரீட்டின் மேல்தான் ஆட வேண்டும். அதன் மேல் மண் அள்ளிப் போட்டு ஆடுகிற மைதானங்களைப் பார்த்திருக்கிறேன், ரெண்டு மழையில் மண் கரைந்து விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஸ்டட் போட்டு ஓடி வருகிறவன் அதில் மாட்டினால் கணுக்கால் போச்சு.

மேற்குக் கரையில் ஒரு கிளப்பின் வழக்கு இதே மாதிரிதான் என்னிடம் வந்தது. எதிர்த்தரப்பு நோட்டீசோடு ரசீதுகளின் நகல் இணைத்திருந்தது, கிளப் கொடுத்த ரசீதுகள்தான். நீலக் கார்பன் வைத்து எழுதியது, "கிரவுண்டு வாடகை, பெற்றுக்கொண்டேன்", கீழே பொருளாளர் கையெழுத்து. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒன்றுமே இல்லை. கேட் சாவி ஒன்றும் அவர்களிடம் இருந்தது, சாமான் வைக்க ஒரு தகரக் கொட்டகையும் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஆடத்தான் விட்டோம் என்று கிளப் சொல்கிறது, மைதானத்தையே குத்தகைக்கு எடுத்தோம் என்று அவர்கள் சொல்கிறார்கள், தாளில் இருப்பது இரண்டாவது கதைக்குத்தான் தோதாக இருக்கிறது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள், கான்கிரீட்டுக்கு ஆன செலவில் ஒரு பங்கைக் கிளப் கொடுத்தது. இல்லாத பணத்தைச் சம்பாதிக்கப்போய் இருந்த பணமும் போனது.

குத்தகையா உரிமமா என்பதில் தலைப்பை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. 1959-இல் வந்த அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என்.கபூர் தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை: தாளில் உரிமம் என்று எழுதிவிட்டு நடைமுறையில் இடத்தை முழுக்க அவர் கையில் கொடுத்திருந்தால் அது குத்தகையாகவே பார்க்கப்படலாம். ஆகவே சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. கிளப்பின் ஆள்தான் கேட்டைத் திறக்க வேண்டும், கிளப்பின் ஆள்தான் பூட்ட வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் எல்லாம் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை இங்கே ஊறிப்போயிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் அந்தப் பதினொன்று, வேறு மந்திரம் எதுவும் அதில் கிடையாது.

வாலிபாலும் கபடியும் இந்தத் தொல்லை தருவதில்லை. வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர், கபடிக்கு 13-க்கு 10, ஒரு மூலையில் அடங்கிவிடும். போஸ்ட் நடுகிற குழிக்கு மூடி போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இப்போது புதிதாக வருகிற தலைவலி டர்ஃப். வெளியிலிருந்து ஒருவர் வருவார், மைதானத்தின் ஓரத்தில் இருபது சென்ட் கொடுங்கள், நானே செயற்கைப் புல் போட்டு, கூண்டு அடித்து, லைட் போடுகிறேன், மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்பார். சொல்கிற தொகையைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இது மணிக்கணக்கில் ஆட விடுகிற சமாச்சாரம் இல்லை, லட்சக்கணக்கில் போடுகிற முதலீடு, அவர் வருடக்கணக்கில் இருக்கத்தான் வருகிறார். செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. பதிவு செய்த குத்தகையாக, முடிகிற தேதியோடு, கூண்டையும் விளக்குக் கம்பங்களையும் யார் எடுத்துப் போவது என்பதையும் எழுதி, பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். கடலோரமாக இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இடிக்கிறதா என்றும் முதலிலேயே பார்க்க வேண்டும். கரண்ட் இணைப்பையும் கவனியுங்கள், வேறு வகைக் கட்டணத்தில் வாங்கிய இணைப்பில் வியாபாரம் நடந்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் அந்தத் தொல்லை உங்கள் தலையிலும் விழலாம்.

சரி, இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டால்தான் வந்தவர்கள் முகம் மாறும். கிரவுண்டு யாருடையது?

கடற்கரை ஊர்களில் பல மைதானங்கள் கோயில் நிலம், அதாவது ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சேர்ந்த பங்கின் நிலம். கிளப் ஆடுகிறது, பராமரிக்கிறது, ஆனால் உரிமை அதற்கு இல்லை. பங்குத்தந்தை வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது போதாது, அவர் மாறுதலாகிப் போவார், அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பங்குப் பேரவையில் முடிவெடுத்து, ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். உள்நாட்டில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் என்றால் தனியார் கொடுத்த நிலமாக இருக்கும், ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை எடுத்தால் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதியிருக்கும், 1956-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள் அல்லவா. அதை வாசிக்கத் தெரிந்த ஆவண எழுத்தர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், வாசித்துப் பார்த்தால் விளையாட்டுக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கக்கூடும். புறம்போக்கு என்றால் பேச்சே இல்லை. அரசு நிலத்தை வாடகைக்கு விட்டு ரசீது கொடுத்தால், அந்த ரசீதே உங்களுக்கு எதிரான சாட்சி.

கிளப்பின் நிலைமை என்ன என்பதும் முக்கியம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, வருடக் கணக்கைத் தாக்கல் செய்கிற கிளப்புகள் கொஞ்சம்தான். பதிவு செய்யாத கிளப் தன் பெயரில் வழக்குப் போட முடியாது. எல்லா உறுப்பினர்களுக்காகவும் சிலர் சேர்ந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8-இல் நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். வெளியாளிடம் வாங்குகிற வாடகை வருமானக் கணக்கில் வரும், சந்தாவைப் போல அல்ல, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பத்துப் பக்கம் வேண்டாம். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்தெந்த மாதம் கிடையாது. இது விளையாட மட்டும் கொடுத்த அனுமதி, இடம் கிளப்பின் வசம்தான் இருக்கிறது. தோண்டவோ கட்டவோ கூடாது, கிளப் எழுதிக் கொடுக்காமல் போட்டது எதற்கும் உரிமை கோர முடியாது, போட்டிருந்தாலும் அனுமதியைத் திரும்பப் பெறலாம். பந்து போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தாலோ ரோட்டில் பைக்கில் போகிறவரின் மேல் பட்டாலோ யார் பொறுப்பு. இவ்வளவும் முத்திரைத்தாளில் இரு தரப்பும் பெயர் போட்டுக் கையெழுத்து. ரசீதிலும் தேதி, நேரம் எழுதுங்கள்.

ஏற்கெனவே கான்கிரீட் போட்டாயிற்று என்கிறவர்களுக்கு: உறவு நன்றாக இருக்கும்போதே பேசுங்கள். அந்தப் பிட்ச் கிளப்பின் சொத்து என்று அவர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குங்கள், ஆன செலவை வாடகையில் மாதாமாதம் கழித்துக் கொடுத்து முடித்துவிடுங்கள், கழித்ததற்கெல்லாம் ரசீது வையுங்கள். கேப்டன் நம்ம பையன்தானே, கடிதம் எதற்கு என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பையன் அடுத்த வருடம் வெளிநாடு போய்விட்டால் டீமுக்கு யார் பொறுப்பு என்று அவரிடமே கேளுங்கள்.