நிறத்துக்காக ஒரு தகடு: கண்ணின் முன்னறையில் என்ன நடக்கிறது?

அழகுக்காகக் கண்ணின் நிறத்தை மாற்றும் அறுவை சிகிச்சை இது. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின் ஓரத்தில் சுமார் 3 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். அதன் வழியே மடித்து நுழைக்கப்படும் மெல்லிய சிலிகோன் தகடு உள்ளே விரிந்து, கண்ணுக்கு நிறம் தரும் வளையமான இயற்கை ஐரிஸை மறைத்தபடி அதன் முன்னால் அமர்கிறது. பழுப்புக் கண் நீலமாகிவிடும். உடலுக்குள் வைக்கும் சாதனங்கள் பலவற்றில் சிலிகோன் இருக்கிறது. ஆகவே பொருளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது அமரும் இடம்தான் ஆபத்தானது.

கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள முன்னறை, நடுவில் ஏறக்குறைய 3 மி.மீ. ஆழமே கொண்டது, ஓரத்தில் இன்னும் குறுகிவிடும். கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் திரவம் ஓயாமல் சுரந்து, ஐரிஸின் நடுத் துளையான பாவை வழியாக இந்த அறைக்கு வந்து, ஓரக் கோணத்திலுள்ள நுண்வலை வழியாக வடிகிறது. தகட்டின் விளிம்பு ஊன்றி நிற்பதும் அதே கோணத்தில்தான். வடிகால் அடைபட்டால் கண்ணழுத்தம் ஏறும்; கிளாகோமா வரும். அதில் சேதமடைந்த பார்வை நரம்பு மீள்வதில்லை.

ஐரிஸோ அசையாத திரை அல்ல. வெளிச்சத்துக்கேற்பச் சுருங்கி விரியும்போதெல்லாம் தகட்டில் உரசுகிறது. உதிரும் நிறமித் துகள்கள் அந்த நுண்வலையையே மேலும் அடைக்கின்றன. அழற்சியும் உள் இரத்தக்கசிவும் சேர்ந்துகொள்ளலாம். கண்ணின் இயற்கை லென்ஸில் கண்புரையும் விழலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கார்னியாவின் உட்புறச் செல் அடுக்கு. ஒரே ஒரு வரிசை. கார்னியாவுக்குள் ஊறும் நீரை இடைவிடாது வெளியேற்றி, அதைத் தெளிவாக வைத்திருப்பது இதன் வேலை. வளர்ந்தவர்களிடம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். இறந்த செல்லுக்குப் பதில் புதியது பிறப்பதில்லை. பக்கத்துச் செல்கள் பரந்து இடத்தை நிரப்புகின்றன. எண்ணிக்கை 500 அளவுக்குச் சரிந்தால் கார்னியா நீர்கோத்து மங்கத் தொடங்கும். தகட்டை எடுத்துவிட்டாலும் போன செல்கள் திரும்பா. சிலருக்குக் கார்னியா மாற்று அறுவை சிகிச்சையே வழி.

பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்களுக்கும், விபத்தில் அதை இழந்தவர்களுக்கும் செயற்கை ஐரிஸ் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அப்படி ஒன்றுக்கு அனுமதி அளித்தது. அது மருத்துவத் தேவைக்கானது. பொதுவாக லென்ஸ் அகற்றப்பட்ட கண்ணில், முன்னறைக்குப் பின்னால் வைக்கப்படுவது.

அழகுக்காகத் தகடு வைத்துக்கொண்டவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், கண்ணழுத்தத்தையும் கார்னியாவின் செல் எண்ணிக்கையையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். இரண்டுமே வலியில்லாமல் மோசமாகக்கூடியவை.