பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

பழைய பட்டன் போனை ரேடியோவுக்கோ ஸ்பீக்கருக்கோ பக்கத்தில் வைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. 'டிட்டிடிட்... டிட்டிடிட்... டர்ர்ர்' என்று ஸ்பீக்கர் கரகரக்கும், ஓரிரு நொடியில் போன் அடிக்கும். 'இப்போ போன் வரும் பார்' என்று முன்கூட்டியே சொல்லி ஜோசியர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் சில நேரம் ஸ்பீக்கர் கரகரத்து அடங்கிவிடும், போன் அடிக்காது. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், மெசேஜும் வந்திருக்காது. அப்புறம் எதற்கு அந்தச் சத்தம்?

போன் தானாகவே டவரைக் கூப்பிட்டு, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று ஆஜர் சொல்லிய சத்தம் அது. ஜி.எஸ்.எம். என்ற 2ஜி முறையில் இயங்கும் அந்தப் பழைய போன்கள் தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. நொடிக்கு 217 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி நொடியில் பாதியைவிடச் சற்றே கூடுதலான நேரத்துக்கு மட்டும், வெடுக் வெடுக்கென்று அலைகளை அனுப்பும். ஸ்பீக்கரின் ஒயர் ஆன்டெனாபோல் அதைப் பிடித்துக்கொண்டு நம் காதுக்குக் கொடுத்துவிடும். இன்றைய போன்களும் ஆஜர் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அலைவரிசையும் அனுப்பும் முறையும் மாறிவிட்டதால் நமக்குக் கேட்பதில்லை.

அரசு கண்காணிப்பு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரகரப்புதான் ஞாபகம் வரும். கண்காணிப்பு என்றதும் யாரோ இருட்டறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நம் பேச்சை ஒட்டுக்கேட்பதாக நினைக்கிறோம். உண்மையில் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. நெட்வொர்க் தன் வேலையைச் செய்வதற்காகத் தெரிந்துகொள்ளும் விஷயங்களே போதுமானவை.

உங்களுக்கு ஒரு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கான டவர்கள் இருக்கும். நீங்கள் எந்த டவருக்குக் கீழே இருக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால் எல்லா டவரிலும் உங்கள் பெயரை ஏலம் போட வேண்டும், அது கட்டுப்படியாகாது. அதனால் டவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது போன் தானாகத் தகவல் கொடுக்கும். நகராமல் மேஜைமேலேயே கிடந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறை சொல்லும். அழைப்பு வந்தால் அந்தக் கூட்டத்தில் உள்ள டவர்கள் மட்டும் உங்களைத் தேடும். இதில் சதி ஒன்றும் இல்லை. இது இல்லாவிட்டால் போன் அடிக்காது, அவ்வளவுதான்.

பேச ஆரம்பித்த பிறகு டவருக்கு இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.எம்.மில் ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர்தான் போகும். டவரின் காலடியில் இருப்பவரின் குரல் உடனே சேர்ந்துவிடும், 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் குரல் 100 மைக்ரோ நொடி தாமதமாக வந்து அடுத்தவர் முறைக்குள் மூக்கை நுழைக்கும். இதைத் தவிர்க்க டவர் ஒவ்வொரு போனுக்கும் 'நீ இவ்வளவு முன்னதாகவே ஆரம்பி' என்று ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணில் ஒரு படி என்பது சுமார் 550 மீட்டர் தூரம். அதாவது யார் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று டவர் அளந்தே ஆக வேண்டும். 4ஜி-யில் இதே படி 78 மீட்டராகச் சுருங்கிவிட்டது. டவரின் உச்சியில் வழக்கமாக மூன்று பக்கம் பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும் என்பதால் திசையும் தோராயமாகத் தெரியும். குரல்கள் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, ஆள் எந்தப் பக்கம், எத்தனை தூரத்தில் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறது.

கடைசியாக பில். யார் யாரைக் கூப்பிட்டார், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி பதிவாகும். பேசியது என்ன என்பது அதில் இருக்காது.

2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை வைத்து கார்டியன் நாளிதழ் முதலில் வெளியிட்டது இந்த வரிகளைப் பற்றித்தான். வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ரகசிய நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பெரிய கூச்சல் எழுந்தது. உங்கள் போன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று அதிபர் ஒபாமா விளக்கம் கொடுத்தார். அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை. கேள்விக்குத்தான் பதில் சொல்லவில்லை.

பேச்சு இல்லாத அந்த வரிகளில் என்னதான் இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 800 பேருக்குச் சற்று மேல், தாங்களாகவே முன்வந்து, ஒரு செயலி வழியாகத் தங்கள் அழைப்புப் பதிவுகளைக் கொடுத்தார்கள். 2016இல் முடிவுகள் வெளியாயின. அதில் ஒருவரின் பதிவு இப்படி இருந்தது: இதயநோய் மருத்துவர்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒரு நீண்ட அழைப்பு, மருத்துவப் பரிசோதனைக் கூடத்தோடு ஒரு சின்னப் பேச்சு, மருந்துக் கடையிலிருந்து சில அழைப்புகள், அப்புறம் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் ஒரு கருவிக்கான உதவி எண்ணுக்குச் சில குறுகிய அழைப்புகள். இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. ஆனால் துடிப்புச் சீரில்லாத நோயாளி இவர் என்று சொல்ல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மனிதர்கள் பேச்சில் மழுப்புவார்கள், பொய் சொல்வார்கள், கிண்டல் செய்வார்கள். யாரை, எப்போது கூப்பிட்டோம் என்பதில் அதெல்லாம் கிடையாது. கம்ப்யூட்டருக்கும் பேச்சைவிட இந்த அட்டவணைதான் தோது.

இங்கேதான் இரண்டாவது சமாதானம் வரும்: 'பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம்.' செய்திகளில் அடிக்கடி வருகிற, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிற வாக்கியம் இது.

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ச்சிக்காக வெளியிட்டார்கள். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்தரங்கத்துக்கு ஆபத்தில்லை என்று உறுதி கொடுத்தார். அப்போது எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த லடான்யா ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநரின் நோய் விவரம் மாணவி கையில்.

இது ஆளுநரின் துரதிர்ஷ்டம் அல்ல, வெறும் கணக்கு. ஆண்டுக்கு 365 நாள், 80 வயதுவரை என்றால் 29,200 பிறந்த தேதிகள். ஆண், பெண் என்று பிரித்தால் 58,400 அறைகள். ஒரு அஞ்சல் குறியீட்டில் 10,000 பேர் இருந்து, அவர்கள் இந்த அறைகளில் சீராகச் சிதறினால், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அறையில் தனியாளாக நிற்பார்கள். பெயர்ப்பலகை இல்லை, சரி. ஆனால் அறைக்குள் ஒருவர்தானே இருக்கிறார்? மூன்றே விவரங்களால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிட முடியும் என்று ஸ்வீனி பின்னர் கணக்கிட்டார்.

டவர் பதிவுகளில் அறைகள் இன்னும் எக்கச்சக்கம். ஒவ்வொரு மணி நேரமும் ஒவ்வொரு டவரும் சேர்ந்தால் ஒரு அறை. இவ்-அலெக்சாண்டர் டி மோன்ஜுவாவும் சக ஆய்வாளர்களும் 15 லட்சம் பேரின் பதினைந்து மாத டவர் பதிவுகளை, பெயரில்லாமல், எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நான்கு வெவ்வேறு நேரங்களில் எங்கே இருந்தார் என்று தெரிந்தால், அவரை அந்த 15 லட்சத்திலிருந்து பிரித்துவிட முடிகிறது, 95 சதவீதம் பேர் விஷயத்தில். 2013இல் வந்த முடிவு இது. இடத்தையும் நேரத்தையும் கொஞ்சம் மங்கலாக்கினால் தப்பிக்கலாமா என்றும் பார்த்தார்கள். விவரத்தை மிக மோசமாக மங்கலாக்கினாலும் பாதுகாப்பு கொஞ்சம்தான் கூடுகிறது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. இரவில் நீங்கள் தூங்கும் டவரில் ஆயிரம் பேர், பகலில் வேலை பார்க்கும் டவரில் ஆயிரம் பேர் இருக்கலாம். இரண்டு ஆயிரத்திலும் சேர்ந்து இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. செவ்வாய்க்கிழமை மாலை போன பல் மருத்துவரையும் சேர்த்தால் நீங்கள் மட்டும்தான்.

தனி ஆளின் வரியை வெளியிடாமல் மொத்தக் கணக்கை மட்டும் வெளியிட்டால்? ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி அதைத்தான் செய்தது. பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் கலந்து, யார் எவர் என்று தெரியாத ஒரு ஒளிரும் உலக வரைபடமாகப் போட்டது. பெருநகரங்களில் எல்லாம் ஒரே பிரகாசம், ஒன்றும் புரியாது. 2018 ஜனவரியில் ஒருவர் சிரியா, ஆப்கானிஸ்தான் பக்கம் உற்றுப் பார்த்தார். கும்மிருட்டுப் பாலைவனத்தில் ஆங்காங்கே செவ்வகங்கள் மின்னின. ராணுவத் தளங்களின் சுற்றுச்சுவரை ஒட்டிச் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடம்!

சரி, அப்படியானால் தகவலைப் பயன்படுத்தவே கூடாதா? தொற்றுநோயும் போக்குவரத்தும் ஆராய்பவர்களுக்கு இந்தப் பதிவுகள் உண்மையிலேயே வேண்டும். இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது, அது நாணயம் சுண்டுவதில் தொடங்குகிறது. ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் 1965இல் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் இது.

ஆயிரம் பேரிடம் வெளியில் சொல்லக் கூசும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வரி ஏய்த்திருக்கிறீர்களா என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு முறை சுண்டி, தலைக்கு 'ஆம்', பூவுக்கு 'இல்லை' என்று சொன்னால் போதும். இப்போது ஒருவர் 'ஆம்' என்றால் யாரும் அவர் சட்டையைப் பிடிக்க முடியாது. 'நாணயம் சொன்னது' என்று கையை விரித்துவிடலாம். ஆனால் மொத்தத்தில் உண்மை தெரிந்துவிடும். 300 பேர் 'ஆம்' என்றால், அதில் சுமார் 250 நாணயம் சொன்ன 'ஆம்'. மிச்சம் 50, உண்மை சொன்ன ஏறத்தாழ 500 பேரிலிருந்து வந்தது. ஏய்ப்பவர்கள் பத்து சதவீதம். கூட்டத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது, ஆளைப் பற்றித் தெரியவில்லை.

2006இல் சிந்தியா டுவொர்க்கும் சக ஆய்வாளர்களும் இந்தத் திசையில் ஒரு முறையான கணிதத்தை எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது: நீங்கள் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிடப்படும் விடை கிட்டத்தட்ட ஒரேபோல் இருக்குமா? இருக்கும் என்றால் அந்த விடையிலிருந்து உங்களைத் தோண்டி எடுக்க முடியாது. அதற்கு எவ்வளவு சத்தம், அதாவது நாணயம் சுண்டியதுபோன்ற தற்செயல் பிழை, கலக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. அதோடு ஒரு கசப்பான உண்மையும் வந்து சேர்ந்தது. உங்களிடம் அதே கேள்வியை இருபது முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக நாணயம் சுண்டச் சொன்னால், வரி ஏய்த்தவர் பதினைந்து முறைபோல 'ஆம்' சொல்வார், ஏய்க்காதவர் ஐந்து முறைபோலத்தான் சொல்வார். குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே எத்தனை கேள்விக்குப் பதில் தரலாம் என்பதற்கு ஒரு பட்ஜெட் போட வேண்டும், தீர்ந்தால் கடையை மூடிவிட வேண்டும். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். சின்ன ஊர்களின் எண்ணிக்கை பிசகுகிறது என்று புகார் எழுந்தது, அலபாமா மாநிலம் நீதிமன்றத்துக்கே போனது. அந்தப் புகாரில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சத்தம் கலந்தால் ஏதோ ஒரு விடை கெடத்தான் செய்யும். கெடாமல் அந்தரங்கத்தைக் காப்போம் என்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

ஆனால் நாணயம் சுண்டுவதெல்லாம் வெளியிடும் கணக்குக்குத்தான் உதவும். டவர் நாணயம் சுண்ட முடியாது. நீங்கள் மூன்று படி தூரத்தில் இருக்கும்போது ஒன்பது படி என்று அது நினைத்துக்கொண்டால் அழைப்பே அறுந்துவிடும். அசல் பதிவு எங்கோ அப்படியே இருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த கார்ப்பெண்டர் வழக்கில் அது எவ்வளவு என்று தெரிந்தது. ஒரு கொள்ளை வழக்கில் சந்தேகிக்கப்பட்டவரின் டவர் பதிவுகளைப் புலனாய்வாளர்கள் வாரன்ட் இல்லாமல் வாங்கியிருந்தார்கள். 127 நாளுக்கு 12,898 இடங்கள். நாளுக்கு நூற்றுச் சொச்சம். இனி இதற்கு வாரன்ட் வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

ஜெர்மனியின் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்ட்டே ஷ்பிட்ஸ் வழக்குப் போட்டு டாய்ச்சே டெலிகாமிடமிருந்து தன் சொந்தப் பதிவைக் கேட்டு வாங்கினார். ஆறு மாதத்துக்கு 35,830 வரிகள். 2011இல் ட்ஸைட் இதழின் இணையதளம் அதை ஒரு வரைபடத்தில் ஓட விட்டது. ஒரு புள்ளி ரயிலேறுகிறது, ஊர் மாறுகிறது, தூங்குகிறது, எழுந்து மறுபடி நகர்கிறது. அந்தப் புள்ளி ஒவ்வொரு முறையும் எங்கே இருந்தது என்று நெட்வொர்க் தெரிந்துகொண்டது, அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான். பேசி முடித்துப் போனை வைத்த நொடியோடு டவருக்கு அந்தத் தேவை தீர்ந்துவிட்டது.