அமிலோய்டோசிஸ்: லண்டன் மையத்துக்குப் போக என்ன வழி?

இரண்டு மணிக்கட்டிலும் கார்ப்பல் டனல் (நரம்பு நெரிபடுதல்) அறுவைச் சிகிச்சை செய்து சில வருடம் ஆகியிருக்கும். இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. இன்னொருவருக்குச் சிறுநீர் நுரைக்கிறது, நாக்கு தடிக்கிறது, அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றுகிறது. ஒவ்வொன்றையும் வேறு வேறு வைத்தியர் பார்ப்பதால்தான் அமிலோய்டோசிஸ் பிடிபடாமலே காலம் ஓடிவிடுகிறது. உருக்குலைந்த புரதம் இழைகளாகி இருதயம், சிறுநீரகம், நரம்பு என்று படிந்துகொண்டே போகும் நோய் இது.

பிரித்தானியாவில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு: வடலண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் 1999 முதல் இயங்கும் தேசிய அமிலோய்டோசிஸ் மையம். செலவு அரச சுகாதார சேவையான என்எச்எஸ் உடையது. நேரே போய்ப் பதிய முடியாது. உங்கள் குடும்ப வைத்தியரான ஜிபியோ உங்களைப் பார்க்கும் நிபுணரான கன்சல்டன்டோ கடிதம் எழுத வேண்டும். அவர் தயங்கினால் இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயம் வேண்டும் என்று கேளுங்கள். சட்டப்படி அது உரிமை இல்லை, ஆனாலும் மறுப்பது அரிது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வகை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாத நோய் இது. ஏஎல் வகை எலும்பு மச்சையிலிருந்து வருவது, அதற்குக் கீமோ வேண்டும். ஏடிடிஆர் வகைப் புரதம் பெரும்பாலும் ஈரலில் உருவாவது, அதற்குக் கீமோ பயனில்லை. எக்கோ என்ற இருதய ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். மையத்தில் செய்யும் எஸ்ஏபி ஸ்கேன் ஈரல், மண்ணீரல், சிறுநீரகத்தில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று காட்டும். அது இருதயத்தைக் காட்டாது. அதற்கு டிபிடி ஸ்கேன் தனியாக உண்டு. வகை உறுதியானபின் சிகிச்சையை உங்கள் ஊர் வைத்தியசாலையிலேயே பெறலாம். ஏஎல் வகைக்கு டாராட்டுமுமாப் சேர்ந்த கூட்டு மருந்தையும், இருதய ஏடிடிஆருக்கு டஃபாமிடிஸையும் என்எச்எஸ் எந்த மருந்தைத் தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது.

இங்கிலாந்தில் நிரந்தரமாக வாழ்பவர், விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியவர், அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை இலவசம். பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்த அம்மா அப்பாவுக்கு அப்படியில்லை. வழமையான கட்டணத்தின் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். அழைக்க முன்னரே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இங்கிலாந்தில் பயணச் செலவும் கிடைக்கும். பென்ஷன் கிரெடிட்டின் கேரன்டி பகுதி பெறுபவர், வருமான வரம்புக்குள் யூனிவர்சல் கிரெடிட் பெறுபவர் நேரடியாகக் கேட்கலாம். மற்றவர்கள் முதலில் குறைந்த வருமான உதவிக்கான எச்சி1 படிவம் நிரப்ப வேண்டும். டிக்கெட்டுகளையும் அப்பொயின்ட்மென்ட் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். 3 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். துணைக்கு ஆள் அவசியம் என்று வைத்தியர் சொன்னால் அவருடைய பயணச் செலவையும் கேட்கலாம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று திகதி கிடைத்ததுமே சொல்லிவிடுங்கள். அதற்கும் காசில்லை. இப்படியொரு நோயின் விபரத்தைப் பெற்ற பிள்ளையின் வாயால் கேட்க வைக்காதீர்கள்.

போகும்போது பழைய ரிப்போர்ட் அத்தனையும் கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பயொப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) செய்திருந்தால், அந்தத் திசுவின் மெழுகுக் கட்டி இருக்கிறதா என்று அந்த ஆய்வுகூடத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதையே மறுபடி சோதிக்கலாம்.