கண்ணீரைத் துடைத்துவிட்டு வரவேண்டாம்

போன வாரம் ஆராதனை முடிந்து எல்லோரும் போகும்வரை ஒரு சகோதரி கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கணவரை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகிறது. கையிலிருந்த கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தவர், "ஐயா, ராத்திரியில அழுகையா வருது. அப்போ எனக்கு உயிர்த்தெழுதல்ல விசுவாசம் இல்லையா?" என்று கேட்டார். துக்கம் விசாரிக்க வந்த யாரோ, விசுவாசி அழுதால் சாட்சி கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இயேசுவின் நண்பர் லாசரு இறந்துபோனதைச் சொல்லும் யோவான் 11-ஐத் திறந்து வாசித்தேன். "இயேசு கண்ணீர் விட்டார்." அந்தச் சகோதரி யோசித்துவிட்டு, "லாசருவை எழுப்பப் போறார்னு அவருக்குத் தெரியும்ல ஐயா?" என்றார். தெரியும். "எழுப்பப் போகிறேன்" என்று புறப்படும் முன்பே சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்படியும் கல்லறைப் பக்கம் வந்தபோது அழுதார்.

இருபது வருடத்துக்கு மேல் போதகராக இருக்கிறேன். இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இந்த வருடத்தில் மட்டும் இது நான்காவது தடவை. அந்த நால்வரில் ஒருவர், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனச்சோர்வுக்கான மருந்தை நிறுத்திவிட்டு, நாட்கணக்கில் தூக்கமில்லாமல் என் வீட்டுக் கதவைத் தட்டியவர். இனியும் பேசாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை.

"அந்த வார்த்தை மாம்சமாகி", அதாவது வார்த்தை என்னப்பட்ட தேவகுமாரன் மனிதரானார் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசிக்கிறோம். மாம்சம் என்ற சொல்லைக் கேட்டதும் கடந்து போய்விடுகிறோம். பலர் மனதில் இருக்கும் இயேசு, மனித உடலை ஓர் அங்கிபோல் மேலே போட்டுக்கொண்டு வந்தவர். பசி, களைப்பு, பயம் எல்லாம் வெளிப்பார்வைக்கு. உள்ளே எதுவும் அவரைத் தொடவில்லை. "அவர் தேவனாச்சே, அவருக்கு என்ன கஷ்டம்?" என்று வேதபாட வகுப்பில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! சொல்கிறவர்கள் இதைப் பக்தி என்றே நினைக்கிறார்கள். இது பக்தி அல்ல. ஆதிசபை மறுத்து ஒதுக்கிய பழைய தவறு. இயேசு மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கை செய்யாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்று யோவான் தன் முதல் நிருபத்திலேயே கண்டிப்பாக எழுதிவிட்டார்.

இதன் இன்னொரு வடிவம் நான்காம் நூற்றாண்டில் வந்தது. இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனம் இல்லை, அந்த இடத்தில் தெய்வீக வார்த்தையே இருந்தது என்று அப்பொல்லினாரிஸ் என்ற ஆயர் போதித்தார். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கும். அதே காலத்து ஆயரான நசியான்சு கிரகோரி அதற்குக் கொடுத்த பதிலை நான் நோயாளியின் கட்டிலருகே பலமுறை நினைத்ததுண்டு: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவும் இல்லை. மனித மனத்தை அவர் ஏற்கவில்லை என்றால், நடுராத்திரியில் நடுங்குகிற உங்கள் மனத்துக்கு மீட்பு எங்கிருந்து வரும்? 381-ல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. 451-ல் கல்கெதோன் சங்கம், அவர் மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனிதர், பாவம் தவிர எல்லாவற்றிலும் நம்மைப்போன்றவர் என்று அறிக்கை செய்தது.

சுவிசேஷங்களை மெதுவாக வாசியுங்கள். சமாரியாவில் நடந்த களைப்பில் கிணற்றருகே உட்கார்ந்துவிடுகிறார். புயலில் படகின் பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்கிறார். கூட இருக்கும்படி மூன்று பேரைக் கேட்கிறார், அவர்களோ தூங்கிவிடுகிறார்கள். பாடுகளின் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கவேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார், அதே மனித சித்தத்தைப் பிதாவிடம் ஒப்புக்கொடுத்தார். கிறிஸ்துவுக்கு மனித சித்தம் உண்டு என்பதை விட்டுக்கொடுக்காததற்காக 662-ல் மாக்ஸிமு என்ற முதிய துறவியின் நாவையும் வலது கையையும் வெட்டினார்கள். அவர் சொன்னதே சரி என்று 681-ல் சபை ஏற்றது.

சரி, இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. மனைவியை அடித்துவிட்டு, "கோபம் என் பலவீனம் ஐயா, ஆண்டவருக்குத் தெரியும்" என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். எபிரெயர் 4:15-ஐ முழுவதுமாக வாசியுங்கள்: "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற பிரதான ஆசாரியரே நமக்கிருக்கிறார்." பயம், களைப்பு, கண்ணீர், நோய் ஆகியவை பலவீனம். அவை அவருக்கும் இருந்தன, அல்லது அவற்றைச் சுமந்தவர்களை அவர் தொட்டார். கை ஓங்குவது பாவம். அதற்கு மனந்திரும்புதல் வேண்டும். அடிபடுகிற பெண்ணிடம் பொறுத்துப்போ என்று சொல்லாதீர்கள். முதலில் அவரைப் பத்திரமான இடத்தில் சேருங்கள்.

அப்புறம், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் பவுல் கைமருந்துதான் சொன்னார். உன் விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளவில்லை. சாகவேண்டும் போலத் தோன்றினால், ஜெபித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அழாதே என்று சொல்லாதீர்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்காருங்கள். கெத்செமனேயில் அவர் மூன்று பேரிடம் கேட்டது அவ்வளவுதான்.

மனம் சரியில்லை, இந்த நிலையில் எப்படி வருவேன் என்று மாதக்கணக்கில் திருவிருந்துக்கு வராமல் இருப்பவர்களே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். அழுகை நின்ற பிறகு வரலாம் என்று இருக்காதீர்கள். முன்வரிசைக்கு வரவேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். எழுந்து வர முடியாவிட்டால் கையைக் காட்டுங்கள், அப்பத்தையும் பாத்திரத்தையும் நான் அங்கேயே கொண்டுவருகிறேன்.