மேலதிகாரியின் மனம் தடுமாறும்போது

1954-இல் வெளிவந்த ‘தி கெய்ன் ம்யூட்டினி’ என்ற அமெரிக்கப் போர்த் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் புயலையும் நீதிமன்ற விசாரணையையும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் மனநல மருத்துவராகப் பணிபுரியும் எனக்கோ, அவ்விரண்டுக்கும் முன்னால் வரும் ஒரு சிறிய காட்சிதான் படத்திலேயே முக்கியமானது. அட்லாண்டிக் கடலில் நெடுநாள் போர்ப்பணி செய்து களைத்துப்போன, ‘கெய்ன்’ என்ற போர்க்கப்பலின் தலைவர் கேப்டன் க்வீக், தான் ஆபத்தை விட்டு விலகி ஓடியதாகக் கப்பலே பேசிக்கொள்ளும் நிகழ்ச்சிக்குப் பிறகு, அதிகாரிகளைக் கூட்டி, கப்பல் ஒரு குடும்பம் என்றும் தலைமைப் பொறுப்பு தனிமையானது என்றும் சுற்றி வளைத்துப் பேசுகிறார். உதவி வேண்டும் என்று நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எதிரே இருப்பவர்களோ ஒரு சொல்லும் பேசாமல் கலைந்து போகிறார்கள்.

ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த அந்தக் கேப்டனின் அறிகுறிகள் துல்லியமானவை. பதற்றம் ஏறும்போதெல்லாம் இரண்டு எஃகுக் குண்டுகளைக் கையில் எடுத்து உருட்டத் தொடங்குவார். சமையலறையில் கொஞ்சம் ஸ்ட்ராபெரிப் பழம் குறைந்துபோனதற்காக, பரிமாறிய அளவைக் கண்டறிய மணலை அள்ளி அளக்கச் சொல்வார். கள்ளச்சாவி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று கப்பலையே சல்லடை போட்டுச் சலிப்பார். முன்பொரு கப்பலில் பாலாடைக்கட்டி திருடியவனை இப்படித்தான் பிடித்துப் பாராட்டு வாங்கியிருக்கிறார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு காலத்தில் பெயர் வாங்கித் தந்த கண்டிப்பே, மனம் களைத்த பிறகு, சந்தேகமாகத் திரிந்துவிடுகிறது. சுற்றியிருப்பவர்களும் ‘அவர் எப்போதுமே கறார்தான்’ என்று சொல்லியே பல மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இருப்பதாலும், ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படும் அதன் வீரர்கள் பலர் ஓய்வுக்குப் பின் இந்நகரிலேயே தங்கிவிடுவதாலும், முன்னாள் படைவீரர்களின் குடும்பத்தினர் என்னிடம் வருவதுண்டு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார். வருகைப் பதிவேட்டில் ஒரு வரி அடித்துத் திருத்தப்பட்டிருந்தால், இரவுப் பணியில் இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி விடியும்வரை விசாரிப்பாராம். காவலர்கள் முதலில் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள்; பிறகு பயந்தார்கள்; கடைசியில் கைப்பேசியில் படம்பிடித்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். “அவர் ராத்திரி முழுக்கத் தூங்கி ரொம்ப நாளாச்சு டாக்டர், அதை யாருமே கேக்கல” என்றார் அந்த அம்மா.

படத்திலும் இதே வரிசைதான். எழுத்தாளரான லெப்டினென்ட் கீஃபர், உளவியல் சொற்களை எடுத்துவிட்டுக் கேப்டனுக்கு நோயின் பெயரையே சூட்டிவிடுகிறார். அதை நம்பித் துணைத்தலைவர் மேரிக் ரகசியக் குறிப்பேடு எழுதுகிறார். புயலில் கப்பல் கவிழும் நிலைக்கு வந்தபோது மேரிக் தலைமையைப் பறித்துக்கொள்ள, வழக்கு விசாரணையில் கீஃபர் நழுவிவிடுகிறார். மேரிக் விடுதலையான பிறகு, அவருக்காக வாதாடிய கிரீன்வால்டே விருந்துக்கு வந்து, கேப்டன் உதவி நாடியபோது கைவிட்டீர்களே என்று அதிகாரிகளைச் சாடுகிறார். நீதிமன்றத்துக்கு வேண்டியது ‘சித்தசுவாதீனம் உண்டா, இல்லையா’ என்ற ஒற்றை விடை. மருத்துவத்தில் அவ்விரண்டுக்கும் நடுவே மிகப் பெரிய பரப்பு இருக்கிறது. சிகிச்சையால் மீளக்கூடியவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். போர் அனுபவத்தின் பின்விளைவுகளையும் உள்ளடக்கிய ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’, அந்தப் பெயரோடு அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியதே 1980-இல்தான் என்பதை நினைத்தால், அந்தக் கப்பல்காரர்கள் மீது எனக்குக் கோபம் சற்றுக் குறைகிறது. இன்றைய நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஆகவே, உங்கள் மேலதிகாரியிடம் இத்தகைய மாற்றத்தைக் கண்டால், நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். அவர் மதிக்கும் ஒருவர், தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில், “சார், கொஞ்ச நாளாவே நீங்க சரியாத் தூங்குற மாதிரி தெரியலையே” என்று தொடங்கினால் போதும். குணத்தைப் பற்றிய பேச்சு தற்காப்பைத் தூண்டும். தூக்கத்தையும் பசியையும் பற்றிய பேச்சுக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். முதல் முறை எரிந்து விழுந்தாலும் சில நாள் கழித்து மீண்டும் கேட்கலாம். வீட்டாரிடம் பேசுவதைக் காட்டிக்கொடுப்பதாக எண்ண வேண்டாம். பகலில் நீங்கள் பார்ப்பதையும் இரவில் அவர்கள் பார்ப்பதையும் சேர்த்தால்தான் மருத்துவருக்கு முழு விவரம் கிடைக்கும். மருத்துவரிடம் வரத் தயங்குபவர்கள், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் தலைமை மையமாக இருந்து வழிநடத்தும் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஆயுதம் கையாளும் பணியில் இருப்பவரானால் இந்தப் பொறுமை பொருந்தாது. தன்னையோ பிறரையோ மாய்த்துவிடுவதாக ஒரு சொல் வந்தாலும், அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே அவருக்கும் மேலே உள்ளவரிடம் தெரிவித்து, ஆயுதத்தை அவர் கைக்கு எட்டாமல் அகற்றச் செய்துவிட்டு, மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.