லினக்ஸிலிருந்து விண்டோஸ் நிறுவும் பென்ட்ரைவ் செய்யப் போகிறவர்களுக்கு

போன கிழமையும் ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த தம்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். லப்டொப்பில் இருந்த லினக்ஸ் மின்டை எடுத்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்ப நினைத்திருக்கிறார். முதலில் எல்லாவற்றையும் எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் பிரதி எடுத்திருக்கிறார், அதுவரை சரி. அதைக் கழற்றாமலே பென்ட்ரைவையும் செருகி, இணையத்தில் கிடந்த டிடி கட்டளையை (ஒரு பைலை டிஸ்க்கில் நேரடியாக எழுதும் லினக்ஸ் கட்டளை) அப்படியே ஒட்டி என்டர் தட்டிவிட்டார். எழுதப்பட்டது பென்ட்ரைவில் இல்லை, பிரதி வைத்திருந்த டிஸ்க்கில். அக்காவின் கல்யாணப் படங்களும் அதற்குள்தான். "அண்ணை, டிஸ்க் பழுதாப் போட்டுது" என்றார். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருந்ததுதான் போய்விட்டது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லப்டொப்புகளில் லினக்ஸ் போட்டவர்கள் பலர். ஏதோ ஒரு மென்பொருளுக்காகத் திரும்பி வர நினைக்கும்போதுதான் இந்தச் சிக்கல்.

இதில் என்னை மிகவும் சலிக்க வைப்பது ஒரு நம்பிக்கை: "உபுண்டுவை டிடியால் எழுதினேன், பூட் ஆனது. விண்டோஸும் ஐஎஸ்ஓ பைல்தானே!" இல்லை, தம்பி. ஐஎஸ்ஓ என்பது ஒரு நிறுவல் டிஸ்க் முழுவதையும் ஒரே பைலாக்கியது. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓவை, டிவிடியாகவும் ஹார்ட் டிஸ்க்காகவும் படிக்கக்கூடியபடி அதை உருவாக்குபவர்களே தயாரித்துத் தருகிறார்கள். அதனால் அப்படியே எழுதினால் வேலை செய்கிறது. விண்டோஸ் ஐஎஸ்ஓ டிவிடிக்கு மட்டும் செய்தது. டிடியால் எழுதினால் எழுதும் வேலை பிழையின்றி முடியும், ஆனால் பூட் மெனுவில் (கணினி எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலில்) பென்ட்ரைவ் தலைகாட்டாது. பிறகு பென்ட்ரைவ் சரியில்லை என்று புதிது வாங்குகிறார்கள். அதிலும் அதேதான் நடக்கும். எத்தனை பென்ட்ரைவ் மாற்றினாலும் அதேதான்.

பைல்களைத் திறந்து பிரதி செய்தால் போதாதா என்றும் கேட்பார்கள். பென்ட்ரைவ் எஃப்ஏடி32 என்ற முறையில் போர்மட் செய்யப்பட்டிருந்தால்தான் எல்லா இயந்திரங்களும் நம்பிக்கையாக பூட் செய்யும். ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு பைல் அடங்காது. இப்போதைய விண்டோஸில் இன்ஸ்டோல் டாட் விம் என்ற முதன்மைப் பைல் அதைத் தாண்டிவிடுகிறது. விம்லிப் என்ற கருவியைக் கொண்டு அதைத் துண்டாக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். அவ்வளவு மினக்கெட வேண்டாம் என்றால் வென்டொய் என்ற மென்பொருளைப் போடுங்கள். லினக்ஸிலேயே ஓடும். ஒருமுறை பென்ட்ரைவில் நிறுவிவிட்டு ஐஎஸ்ஓவைச் சாதாரணமாகப் பிரதி செய்தால் போதும். நிறுவும்போது பென்ட்ரைவ் முழுவதும் அழியும், அதை மறக்க வேண்டாம். ரூபஸ் என்ற இதே வகை மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது, லினக்ஸில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஐஎஸ்ஓவை மைக்ரோசொப்ட் தளத்திலேயே எடுங்கள். லினக்ஸிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஐஎஸ்ஓவையே நேரடியாகத் தரும். டெலிகிராமில் வரும் 'அக்டிவேட் செய்த' விண்டோஸ் வேண்டவே வேண்டாம்.

எழுதப் போகும் பென்ட்ரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்குக் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிரந்தரமல்ல, கண்டறியப்படும் ஒழுங்கில் மாறும். என்விஎம்இ வகை உள் டிஸ்க் உள்ள லப்டொப்பில் முதலில் செருகுகிற வெளி டிஸ்க்கே எஸ்டிஏ ஆகிவிடலாம். எவரோ எழுதிய கட்டளையில் உள்ள எழுத்து உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று எப்படி நம்புகிறீர்கள்? டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்து, 16 ஜிபியா 1 டிபியா என்று அளவைப் பாருங்கள். எழுதி முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டே கழற்றுங்கள். மலிவான பென்ட்ரைவில் திரையிலுள்ள முன்னேற்றப் பட்டை நிறைந்த பிறகும் எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

தவறான டிஸ்க்கில் எழுதிவிட்டீர்களா? தயவுசெய்து உடனே கழற்றுங்கள். விண்டோஸ் 'போர்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே எழுதப்பட்ட சில ஜிபி திரும்பி வராது, பைல் பெயர்களும் போல்டர்களும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதற்கப்பால் உள்ள படங்களை மீட்க வழியுண்டு, அதன்மேல் நீங்கள் வேறெதையும் எழுதாமல் கொண்டுவந்தால்.